பிள்ளைக்கு 18 ஆன பிறகு பழைய ஜீவனாம்ச பாக்கியைக் கட்டித் தீர்ப்பது: முழுமையான வழிகாட்டி

இது பணம் கட்ட வேண்டியவருக்காக எழுதியது. கோர்ட் உத்தரவுப்படி பிள்ளைக்கு மாதாமாதம் தர வேண்டியதைச் சில காலம் தந்து, சில காலம் விட்டு, இப்போது பிள்ளை 18 தாண்டிய பிறகு பழைய பாக்கியைத் தீர்க்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் 36 மாத பாக்கியோடு நின்றவன்தான். என் வேலை முடிந்த பிறகு அதே நிலையில் இருந்த நாலைந்து பேரோடு கோர்ட்டுக்குப் போய்வந்தேன். எல்லோரும் தடுக்கி விழுந்தது ஒரே இடத்தில்: பணத்தை முதலில் கொடுத்துவிட்டு, கணக்கையும் பதிவையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதில்.

சரியான வரிசை அதற்கு நேர் எதிர். முதலில் கணக்கு, அடுத்து கோர்ட் ஃபைலின் நிலை, பிறகு பேச்சு, அதன் பிறகே பணம். சொல்வதெல்லாம் இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டுக் கோர்ட் நடைமுறையையும் வைத்து. உங்கள் உத்தரவில் விசேஷமாக ஏதாவது எழுதியிருந்தால் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டே இறங்குங்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

உத்தரவின் சான்றிட்ட நகல் முதலில் வேண்டும். தொலைந்துவிட்டால் அதே கோர்ட்டில் நகல் மனு போட்டு வாங்கலாம். ஈ-கோர்ட்ஸ் என்ற கோர்ட் இணையதளத்தில் இறக்கிய பிரின்ட் படிக்க உதவும். சான்றிட்ட நகலின் இடத்தில் அதை நீட்ட முடியாது. வழக்கு எண்ணோடு சி.என்.ஆர். எண்ணையும் (ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க அடையாளம்) குறித்து வையுங்கள். பழைய வழக்குகள் வேறு கோர்ட்டுக்கு மாற்றப்பட்டிருந்தாலும் அந்த எண்ணை வைத்துத் தேடிவிடலாம்.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் நகல் ஒன்று. அப்புறம், இதுவரை கொடுத்த பணத்துக்கான ஆதாரங்கள்: பாஸ்புக், பாங்க் ஸ்டேட்மென்ட், மணியார்டர் ரசீது, அவர்கள் கையெழுத்திட்ட காகிதம்.

ஸ்டேட்மென்ட்டுக்கு இன்றே எழுதிக் கொடுங்கள். பரிவர்த்தனை விவரங்களை பாங்க் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதே விதி. அதற்கு முந்தையதைத் தேடி எடுக்கக் கிளையில் நாளாகும். டெபாசிட் மெஷின் தரும் சீட்டை நம்பாதீர்கள். நான் ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகச் சேர்த்து வைத்த 11 சீட்டில் 9 வெறும் வெள்ளைத்தாளாகிவிட்டன. உங்களிடம் எழுத்துத் தெரிகிற சீட்டு இருந்தால் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

2. உத்தரவு எந்தச் சட்டத்தில் வந்தது?

முதல் பக்கத்திலேயே இருக்கும். பாக்கியை எப்படி வசூலிப்பார்கள், எப்படிப் பதிய வேண்டும் என்பதெல்லாம் இதைப் பொறுத்தது.

எம்.சி. என்று தொடங்கும் எண் என்றால் பெரும்பாலும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு. 2024 ஜூலை 1-ல் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அமலுக்கு வந்த பிறகு அதுவே 144-வது பிரிவாகிவிட்டது. பழைய பிரிவில் வந்த உத்தரவு செல்லாமல் போய்விடவில்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 20-வது பிரிவில் வந்த பராமரிப்பு உத்தரவையும் 125 போலவே நிறைவேற்றுவார்கள்.

விவாகரத்து வழக்கோடு சேர்ந்து இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவில் வந்திருந்தால் அது சிவில் டிகிரி (சிவில் கோர்ட்டின் தீர்ப்பாணை) மாதிரி. நிறைவேற்று மனு போட அவர்களுக்கு 12 ஆண்டு உண்டு. ஒவ்வொரு மாதத் தவணைக்கும் அது தவறிய நாளிலிருந்து தனியாக ஓடும். சம்பளத்தில் கை வைத்தால் சாதாரணக் கடன் மாதிரி இல்லை: ஜீவனாம்ச டிகிரிக்காக மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி செய்யலாம்.

3. இரண்டு தேதிகளை வட்டமிடுங்கள்

ஒன்று, கணக்கு தொடங்கும் தேதி. "மனு தேதியிலிருந்து" என்று உத்தரவில் இருக்கிறதா, "உத்தரவு தேதியிலிருந்து" என்று இருக்கிறதா? ஒன்றும் சொல்லவில்லை என்றால் 125-ன்படி உத்தரவு தேதிதான். மனு தேதியிலிருந்தே வழங்க வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதால், அதற்குப் பிறகு வந்த உத்தரவுகளில் பெரும்பாலும் மனு தேதியே இருக்கும்.

இந்த ஒரு வரியில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்கு என் கணக்கையே சொல்கிறேன். மனு தேதி 2017 ஜனவரி 10. உத்தரவு வந்தது 2018 மார்ச் 10. மாதம் 4,000 ரூபாய். நான் உத்தரவு தேதியிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். உத்தரவில் இருந்ததோ மனு தேதி. 14 மாதம், 56,000 ரூபாய் விட்டுப்போயிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டியபோதுதான் உறைத்தது.

இரண்டாவது, 18 நிறையும் தேதி. சட்டப்படி பதினெட்டாவது பிறந்தநாள் விடிகிறபோதே பிள்ளை மேஜர். அந்த மாதம் முழுமைக்கும் தர வேண்டுமா, அந்த நாள் வரைக்குமா என்று சண்டை வரும். சில நூறு ரூபாய்க்காக இன்னொரு வாய்தா வாங்காதீர்கள். முழு மாதமாகவே கட்டிவிடுங்கள்.

4. 18-ல் எது நிற்கிறது, எது நிற்பதில்லை

18 ஆனதும் நிற்பது புதிதாகச் சேரும் மாதங்கள் மட்டும்தான். அதற்கு முன்னால் சேர்ந்த பாக்கி அப்படியே இருக்கும். "பொண்ணு காலேஜ் போயிட்டா, இனி எதுக்கு?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவள் பள்ளிக்கூடம் போன காலத்துப் பணத்தைத்தான் கட்டப்போகிறோம்.

புதிய மாதங்களும் தானாக நிற்காத இடங்கள் சில இருக்கின்றன. உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு, 18-க்குப் பிறகும் 125-வது பிரிவே பொருந்தும். திருமணமான மகள் மட்டும் இதில் வரமாட்டாள். திருமணமாகாத, சொந்த வருமானமோ சொத்தோ இல்லாத இந்து மகள், 1956-ன் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 20-வது பிரிவில் தனியாகக் கேட்கலாம். 2020-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. பழைய பாக்கியைத் தீர்க்கும் காகிதத்தில் இந்த உரிமையையும் விட்டுத்தருவதாக எழுதி வாங்கப் பார்க்காதீர்கள். பேச்சு அங்கேயே முறிந்துவிடும்.

இன்னொரு பொறி: "மனைவிக்கும் குழந்தைக்கும் சேர்த்து மாதம் 9,000" என்று பிரிக்காமல் வந்த உத்தரவு. பிள்ளைக்கு 18 ஆனதும் நீங்களாகப் பாதியை வெட்டிக்கொள்ள முடியாது. பழைய 127, இப்போதைய 146-வது பிரிவில் தொகையை மாற்றக் கேட்டு மனு போட வேண்டும். அது வரை முழுத் தொகையும் ஓடிக்கொண்டே இருக்கும்.

5. மாதவாரிக் கணக்கு

நீளக் கோடு போட்ட நோட்டு போதும். ஐந்து கட்டம்: மாதம், தர வேண்டியது, தந்தது, தந்த தேதியும் வழியும், ஆதாரத்தின் எண். மாதத்துக்கு ஒரு வரி. மொத்தமாக "2019-ல் சுமார் 30,000 கொடுத்தேன்" என்று எழுதிய கணக்கை யாரும் ஏற்கமாட்டார்கள்.

என் கணக்கு இப்படி வந்தது. 2017 ஜனவரி 10 முதல் 2024 ஜூன் 10 வரை 89 மாதம். தர வேண்டியது 3,56,000. ஆதாரத்தோடு தந்தது 2,12,000. பாக்கி 1,44,000, அதாவது 36 மாதம்.

கணக்கை எழுதியவரே சரிபார்த்தால் தப்பு கண்ணில் படாது. என் பாக்கி முதலில் 1,40,000 என்றுதான் வந்தது. நோட்டை வாங்கிப் பார்த்த என் மகள், "2019 ஏப்ரல் ரெண்டு தடவை எழுதியிருக்கீங்கப்பா" என்றாள். ஒரே 4,000 ரூபாயை பாஸ்புக்கிலிருந்து ஒரு தடவையும் மணியார்டர் ரசீது என்று நினைத்து இன்னொரு தடவையும் வரவு வைத்திருந்தேன். கோர்ட்டில் அவர்கள் வக்கீல் கண்டுபிடித்திருந்தால் மற்ற 88 வரிகளையும் சந்தேகமாகத்தான் பார்த்திருப்பார்கள்.

எதைக் கழிக்கலாம் என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நேரடியாகக் கட்டிய ஸ்கூல் ஃபீஸ், வாங்கித் தந்த சைக்கிள், தீபாவளித் துணி, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றையும் "தந்தது" கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். உத்தரவு சொன்னது மாதம் இவ்வளவு பணம் தரச் சொல்லி. அதற்குப் பதிலாக இதைத் தந்தேன் என்பது எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டால் அல்லது கோர்ட் ஏற்றால் மட்டுமே கழியும். இவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பேச்சுக்கு உட்காரும்போது அந்தப் பக்கம் உதவும். சிலர் ஃபீஸையாவது ஒப்புக்கொள்வார்கள். சைக்கிளைக் கேட்காமலே விட்டுவிடுவது மரியாதை.

வேறு வழக்கில் இடைக்கால ஜீவனாம்சம் கட்டியிருந்தால் அதையும் தனியாகக் காட்டுங்கள். அதைச் சரிக்கட்டுவது கோர்ட் வேலை.

வட்டி? உத்தரவில் எழுதியிருந்தால் சேருங்கள். எழுதாததை நீங்களாகக் கணக்கில் நுழைக்க வேண்டாம்.

6. ஒரு வருட விதியைத் தப்பாகப் படிக்காதீர்கள்

125-வது பிரிவில், தொகை தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டால்தான் வாரன்ட் என்று ஒரு வரி உண்டு. டீக்கடைச் சட்டம் அதை "ஒரு வருஷத்துக்கு மேல பாக்கி செல்லாது" என்று மாற்றிவிட்டது. அப்படியில்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது: அந்த வரி வாரன்ட், சிறை என்ற குறுக்கு வழியை மட்டுமே அடைக்கிறது, பணம் பெறும் உரிமை போவதில்லை, சிவில் வழியில் கேட்கலாம். தவிர, நேரத்துக்கு ஒரு மனு போட்டு அது நிலுவையில் இருந்தால், அதன் பிறகு சேர்ந்த மாதங்களுக்கு ஒவ்வொன்றாகப் புது மனு போடத் தேவையில்லை என்று 2005-லேயே சொல்லியாயிற்று.

இதோடு பிறந்த இன்னொரு கதை: "உள்ளே போய் ஒரு மாசம் இருந்துட்டு வந்தா தீர்ந்துது". தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை என்பது கட்ட வைப்பதற்கான நெருக்கடி. இருந்துவிட்டு வந்தாலும் பாக்கி அப்படியே நிற்கும் என்பது 1989-லிருந்து தீர்ந்துபோன விஷயம்.

7. வாரன்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

பணம் தயார், கணக்கு தயார் என்று கோர்ட்டுக்குப் போனவரை வாசலிலேயே போலீஸ் நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். அவர் பேரில் எட்டு மாதமாக ஒரு பிடி வாரன்ட் கிடந்தது. வீடு மாறியதால் அவருக்குத் தெரியாது.

ஈ-கோர்ட்ஸில் வழக்கின் நிலையைப் பார்த்துவிட்டு, வக்கீலின் குமாஸ்தா மூலம் பெஞ்ச் கிளார்க்கிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாரன்ட் இருந்தால் அதைத் திரும்பப் பெறும் மனுவை, ஒரு நல்ல பகுதித் தொகையோடு, நீங்களே ஆஜராகிப் போடுங்கள். வெறுங்கையோடு "கட்டிவிடுகிறேன்" என்று நிற்பவரையும் கையில் டிடியோடு நிற்பவரையும் எந்த நீதிபதியும் ஒரே மாதிரி பார்க்கமாட்டார்.

8. பணம் யாருக்கு?

உத்தரவு பெரும்பாலும் "மைனர், காப்பாளர் தாய் மூலம்" என்றிருக்கும். இப்போது அவர் மைனர் இல்லை. தாயிடம் கொடுத்தால் "என் பணம், எனக்கு வரவில்லை" என்று பிள்ளை சொல்லலாம். பிள்ளையிடம் கொடுத்தால் "கடன் வாங்கி வளர்த்தது நான்" என்று தாய் சொல்லலாம். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது நீங்கள்.

நீங்களாக ஒருவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நிலுவையில் மனு இருந்தால், பிள்ளையை மேஜராகப் பதிந்து தாயைக் காப்பாளர் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் மனுவை அவர்கள் தரப்பு போடட்டும். பிறகு யார் கணக்குக்கு என்று இரண்டு பேரும் கையெழுத்திட்ட மெமோவில் (கோர்ட்டில் கொடுக்கும் சிறு எழுத்துக் குறிப்பு) எழுதி வாங்குங்கள். ஒத்துவரவில்லை என்றால் கோர்ட்டில் டெபாசிட் செய்ய அனுமதி கேட்டுக் கட்டிவிட்டு ஒதுங்குங்கள். யார் எடுப்பது என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும்.

பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, பிரியாணி வாங்கிக் கொடுத்து, தாய்க்குத் தெரியாமல் ரசீதில் கையெழுத்து வாங்கும் யோசனையை யாராவது சொல்வார்கள். அந்தக் காகிதம் கோர்ட்டில் நிற்குமோ நிற்காதோ, வீட்டில் நிற்காது.

9. தவணையா, ஒரே தொகையா?

கணக்கின் நகலை அவர்கள் வக்கீலுக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். தொகையில் தகராறு இல்லை என்றால் பாதி வேலை முடிந்தது.

ஒரே தடவையில் முடியாவிட்டால் தவணைக்கு மனு போடலாம். அப்போது சொத்து, வருமானம், கடன் விவரங்களைச் சத்தியப் பிரமாணத்தில் கேட்பார்கள். சம்பளத்தைக் குறைத்து எழுதும் ஆசை வரும். ஸ்டேட்மென்ட்டை வரவழைத்தால் இரண்டே வாய்தாவில் வெளியே வந்துவிடும், அதன் பிறகு தவணை கிடைக்காது. கட்ட முடிகிற தவணையை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். மாதம் 12,000 என்று வீரமாகச் சொல்லி மூன்றாவது மாதம் தவறுவதைவிட 6,000 என்று சொல்லிக் கட்டுவது எவ்வளவோ மேல்.

தொகையைக் குறைத்து முடிக்க இருவருக்கும் சம்மதம் என்றால் மக்கள் நீதிமன்றம் நல்ல இடம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். அங்கே ஆகும் தீர்வு சிவில் டிகிரிக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர் இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் கேட்கலாம். குறைப்புக்கு மேஜரான பிள்ளையின் கையெழுத்தும் கட்டாயம் இருக்கட்டும். தாய் மட்டும் விட்டுக்கொடுத்தால், அது யாருடைய பணம் என்ற கேள்வி திரும்ப எழும்.

10. பணத்தைக் கட்டுவது

ரொக்கம் வேண்டாம். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. அதற்குக் கீழே என்றாலும் ஆதாரம் நிற்காது. யூ.பி.ஐ.யில் அனுப்பினால் பொதுவாக ஒரு நாளைக்கு 1 லட்சம் வரம்பு இடிக்கும். நெஃப்ட் சுலபம். 2 லட்சமும் அதற்கு மேலும் ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் போகலாம். குறிப்புக் கட்டத்தில் வழக்கு எண்ணையும் "மகள் ஜீவனாம்ச பாக்கி" என்பதையும் எழுதி, பாங்க் தரும் யூ.டி.ஆர். எண்ணை (அந்தப் பரிவர்த்தனையின் அடையாள எண்) நோட்டில் ஏற்றுங்கள். மனைவிக்கும் தனியாகப் பாக்கி இருக்கிறவர்கள் இதை விட்டால், எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று புதுத் தகராறு கிளம்பும்.

டிடி எடுப்பவர்கள் இனிஷியலைக் கவனியுங்கள். உத்தரவில் அந்த அம்மாவுக்கு உங்கள் பெயரின் முதலெழுத்து இனிஷியலாக இருக்கும். விவாகரத்துக்குப் பிறகு அவர் தன் அப்பா இனிஷியலுக்குத் திரும்பியிருப்பார், பாங்க் கணக்கும் அப்படித்தான் இருக்கும். உத்தரவைப் பார்த்து டிடி எடுத்தால் திரும்பி வந்துவிடும். பாஸ்புக் முதல் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்கி அதன்படி எடுங்கள். டிடி 3 மாதம்தான் செல்லும். வாய்தா தள்ளிப்போகிற வழக்கில் முன்கூட்டியே எடுத்து வைக்காதீர்கள்.

11. ஃபைலில் ஏற்றாதது கட்டியதாகாது

சிவில் டிகிரியில் இது சட்டத்திலேயே இருக்கிறது. கோர்ட்டுக்கு வெளியே கட்டிய பணத்தை, பதிவு செய்யாவிட்டால் நிறைவேற்றும் கோர்ட் கண்டுகொள்ளாது. பதியச் சொல்லி நீங்கள் மனு போடக் கட்டிய நாளிலிருந்து 30 நாள்தான். எம்.சி. வழக்கிலும் இதே ஒழுங்கைப் பின்பற்றுங்கள்: பணம் போன அடுத்த வாய்தாவிலேயே மெமோ.

மெமோவில் "எல்லாம் தீர்ந்தது" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யாருடைய ஜீவனாம்சம், எவ்வளவு, எந்த எண்ணில் போனது, யார் பெற்றுக்கொண்டது என்று எழுதி, மாதவாரிக் கணக்கையும் இணையுங்கள். மனைவியின் தொகை இதில் சேருமா சேராதா என்றும் ஒரு வரி.

மெமோவைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அன்றைய உத்தரவில் "தொகை முழுதும் பெறப்பட்டது, மனு முடிக்கப்படுகிறது" என்று வந்ததா என்று இரண்டு நாள் கழித்து ஈ-கோர்ட்ஸில் பாருங்கள். என் வழக்கில் முதல் தடவை வெறும் தள்ளிவைப்பு என்று ஏறியிருந்தது. திருத்த இன்னொரு நாள் லீவு போட வேண்டி வந்தது.

வாரன்ட் ஏதாவது போலீஸ் ஸ்டேஷன் வரை போயிருந்தால், ரத்தான தகவலும் அங்கே போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே விசாரியுங்கள். சம்பள ஜப்தி இருந்தால் அதை நீக்கும் உத்தரவின் நகல் உங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் அடுத்த மாதமும் பிடிப்பார்கள்.

கடைசியாக, முடிப்பு உத்தரவுக்கு நகல் மனு போட்டு இரண்டு சான்றிட்ட நகல் வாங்குங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று பிள்ளைக்கு. பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். நான் செய்தேன், பின்னால் ஒரு இடத்தில் முத்திரையைத் தடவிப் பார்க்க முடியவில்லை என்று திருப்பிவிட்டார்கள், மறுபடி நகல் மனு போட்டேன்.